உயரப் பந்து

ரஞ்சினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரில் ஏறியதிலிருந்து கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பின் இருக்கையில் மகள் கவிசா காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். விளையாடப் போகிறவள் அமைதியாக இருக்க, வேலிக்கு வெளியே நிற்கப்போகிறவள்தான் பதறிக்கொண்டிருந்தாள். காரை ஓட்டிய விஜயரத்தினம் கொலோன் நகரில் டிராம் ஓட்டுகிறவர். சிவப்பு விளக்கைக் கண்டால் நிற்கவும், மனைவியின் முகத்தைக் கண்டால் பேசாமல் இருக்கவும் பழகிய மனுசன்.

கவிசாவுக்குப் பதினாறு வயது. சின்ன வயதிலிருந்தே வீட்டுக்குப் பக்கத்துக் கழகத்தில் கால்பந்து விளையாடுகிறாள், கோல் கீப்பர். நன்றாக விளையாடினால் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் கூப்பிட்டு, படிப்புச் செலவையும் தானே ஏற்றுக்கொள்ளும் என்ற கதையை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். "பொம்பிளைப் பிள்ளை தனிய அமெரிக்காவுக்கோ?" என்று முதல் நாள் வீட்டை இரண்டாக்கினாள் ரஞ்சினி. பிறகு அந்த ஆசையை மகளிடமிருந்து பிடுங்கித் தன்னுடையதாக்கிக்கொண்டாள். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகளைத் தேடி வருகிறவர்கள் பெரிய கழகங்களின் ஆட்டங்களுக்குத்தான் வருவார்கள் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பெரிய கழகத்துக்கு ரஞ்சினியே தொலைபேசி எடுத்து, தெரிவுப் பயிற்சிக்கு இடம் பிடித்துவிட்டாள்.

அந்தக் கழகத்தில் முதல் கோல் கீப்பரின் இடம் காலியாகியிருந்தது. முன்னுக்கு ஓடுகிற பிள்ளைகளை மாற்றி மாற்றி இறக்குவார்கள். கோலில் நிற்பவளை லேசில் மாற்றமாட்டார்கள். முதலாமவள் விளையாடுவாள். இரண்டாமவள் வருசம் முழுக்க மைதானத்துக்கு வெளியே வாங்குப் பலகையில் குந்தியிருந்து கைதட்டுவாள். வாங்கில் இருக்கிறவளை அமெரிக்காக்காரன் என்ன, அடுத்த வீட்டுக்காரனும் பார்க்கமாட்டான். ஆகவே முதல் இடம் கிடைத்தால் அமெரிக்கா, கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை என்று ரஞ்சினி மனதில் கோடு கிழித்து வைத்திருந்தாள்.

மைதானத்தில் தூறல். கோலுக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள்: கவிசாவும், லேனா என்ற உயரமான ஒரு பெண்ணும். மூலையிலிருந்து பந்து ஆள் உயரத்துக்கு மேலே வளைந்து வளைந்து வந்தது. கவிசா கூட்டத்துக்குள் புகுந்து, ஒரு கத்தல் கத்தி, எல்லாருடைய தலைக்கும் மேலே எழும்பிப் பிடித்தாள். ஒன்றும் நழுவவில்லை. ரஞ்சினி வேலியின் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு நின்றாள்.  என்ர பிள்ளை, என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள், உதடு அசையவில்லை.

பயிற்சி முடிய, பயிற்சியாளர் ஹார்ட்மான் வேலியடிக்கு வந்தார். நேராகக் கதைக்கிற மனிதர்.

"உங்கள் மகள் உயரப் பந்தை நன்றாக எடுக்கிறாள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டார்.

ரஞ்சினியின் நெஞ்சு பூரித்தது. வாயோ வேறு கதை சொன்னது.

"ஐயோ, அப்படியொன்றும் இல்லை. இன்றைக்கு ஏதோ கைக்கு வந்துவிட்டது. அவளுக்கு உயரப் பந்தென்றால் பயம். பயிற்சிக்கும் பஞ்சிப்படுவாள், இழுத்துக்கொண்டுதான் வரவேண்டும். வீட்டில் ஒரு கோப்பை கழுவமாட்டாள். இன்னும் எவ்வளவோ பழக வேண்டும்."

ஹார்ட்மான் கவனமாகத் தலையாட்டினார். "வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. இப்படிச் சொல்கிற பெற்றோர் குறைவு," என்றார். விஜயரத்தினம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார், சட்டைப்பையிலிருந்து கார்த் திறப்பை எடுத்தார்.

இதை ரஞ்சினியின் கெட்ட குணம் என்று நினைத்துவிடக்கூடாது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று நம்புகிற குடும்பத்தில் பிறந்தவள். கவிசா தவழும் வயதில் கோயிலில் ஒருத்தி, "என்ன வடிவான குண்டுப் பிள்ளை!" என்று கன்னத்தைக் கிள்ளினாள், அன்று பின்னேரமே பிள்ளைக்குக் காய்ச்சல். ரஞ்சினி செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துப் பிள்ளையின் தலையைச் சுற்றி, சட்டியில் போட்டு நாவூறு கழித்தாள். மிளகாய் வெடித்ததோ இல்லையோ, கூரையில் இருந்த புகை எச்சரிக்கைப் பெட்டி வீரிட்டது. மேல் மாடிக்காரர் இருமிக்கொண்டு இறங்கி வந்தார், கீழ் மாடிக்காரி தீயணைப்புப் படையைக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மிளகாய் எரிக்க வழியில்லை. மிஞ்சியிருந்த காவல் அவளுடைய வாய் ஒன்றுதான். யார் பிள்ளையைப் புகழ்ந்தாலும் முந்திக்கொண்டு குறை சொல்லிவிடுவாள். தமிழ்ச் சனத்துக்கு அது விளங்கும். "சும்மா சொல்லாதையுங்கோ அக்கா" என்று இன்னும் இரண்டு மடங்கு புகழ்வார்கள். ஹார்ட்மானுக்கு அந்த விளையாட்டுத் தெரியாது.

அடுத்து வந்த நாட்களில் ரஞ்சினி இருந்த இடத்தில் இருக்கவில்லை. அவள் பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறாள். நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லுவதுதான் வேலை. அந்தக் கிழமை, திறந்த வாய்களை விட்டுவிட்டு, கழகத்தின் முடிவு வருமென்று தொலைபேசியையே பார்த்தாள். வீட்டில் சோற்றை அடிப்பிடிக்க விட்டாள். "அவை எடுக்கேக்கை எடுப்பினம், நீர் கொஞ்சம் இரும்," என்றார் விஜயரத்தினம். "உங்களுக்கென்ன, தண்டவாளத்திலை போறவர்," என்று பாய்ந்தாள்.

வியாழக்கிழமை பின்னேரம் ஹார்ட்மான் கவிசாவுக்கே எடுத்தார். மூன்று பேரும் கேட்கட்டும் என்று அவள் தொலைபேசியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"உன்னை எடுக்கிறோம்," என்றார் அவர். ரஞ்சினி கையைக் கூப்பினாள். "ஆனால் இரண்டாவது கோல் கீப்பராக. லேனாவா நீயா என்று முடிவெடுக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. உனக்கு உயரப் பந்தில் பயம் இருக்கிறது என்று உன் அம்மா சொன்னார். ஒரு வருசம் அவசரமில்லாமல் பழகு. கழகம் மாறுவதாக இருந்தால் மாத முடிவுக்குள் சொல்."

கவிசா நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தாள். கூப்பின கை கூப்பினபடியே இருந்தது ரஞ்சினிக்கு.

"எனக்கு உயரப் பந்து பயமெண்டு நீங்களோ சொன்னனீங்கள்?"

"அது... ஒரு கதைக்குச் சொன்னது பிள்ளை."

"என்ன கதை?"

"ஆக்கள் நல்லாச் சொன்னா நாவூறு படும். அதாலை சொன்னனான். உனக்குக் காவலாத்தான்."

கவிசாவுக்குக் கோபம்தான் வரும் என்று ரஞ்சினி எதிர்பார்த்திருந்தாள். அவளோ அழுதாள்.

"நான் உண்மையெண்டு நினைச்சனம்மா. சின்னனிலை இருந்து ஒவ்வொருதருக்கும் இதைத்தானே சொல்லுறியள். அவளுக்கு ஒண்டும் தெரியாது, அவள் பஞ்சி பிடிச்சவள்... நீங்கள் என்னைப் பற்றி இப்பிடித்தான் நினைக்கிறியள் எண்டு இருந்தன். ஒருநாள், ஒரே ஒருநாள், நல்லாப் பிடிச்சாய் எண்டு எனக்குச் சொல்லியிருக்கிறியளோ?"

"சொன்னா..."

"நாவூறு படும். ஓம். சொல்லாட்டி என்ன படும் எண்டு யோசிச்சியளோ?"

அறைக் கதவு சாத்தப்பட்டது. ரஞ்சினிக்கு வெட்கமும் துக்கமும் ஒன்றாக வந்தன. ஊரார் கண்ணிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று தன் வாயாலேயே பிள்ளைக்கு அடித்திருக்கிறேனே என்று நெஞ்சு பதைத்தது.

மறுநாள் வேலை முடிந்த கையோடு, யாருக்கும் சொல்லாமல், ஆற்றைக் கடந்து போனாள். ஹார்ட்மான் மைதானத்தில் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் அன்றைக்குச் சொன்னது பொய்," என்றாள் எடுத்த எடுப்பில். "அவளுக்கு உயரப் பந்தில் பயமே இல்லை."

அவர் நிமிர்ந்தார். "தன் பிள்ளையைப் பற்றி ஒரு தாய் ஏன் அப்படிப் பொய் சொல்ல வேண்டும்?"

"எங்கள் சனத்தில் அப்படித்தான்..." என்று தொடங்கினாள். காய்ச்சல், மிளகாய், கோயிலில் கன்னத்தைக் கிள்ளின பெண் என்று ஏதேதோ சொன்னாள். ஜெர்மன் மொழியில் சொல்லும்போது அது அவளுக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார், சிரிக்கவில்லை.

"லேனாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அதை மாற்ற முடியாது," என்றார். "நீங்கள் சொன்ன இரண்டு கதைகளில் எதை நம்புவது என்றும் எனக்குத் தெரியவில்லை."

ரஞ்சினி வீட்டுக்கு வந்து மகளின் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"எனக்குப் பெரிய கழகத்தின்ரை பேர் வேண்டாம், விளையாட வேணும்," என்றாள் கவிசா. "நான் பழைய கழகத்திலையே நிக்கிறன். ஒவ்வொரு மட்சிலையும் நான்தான் கோலிலை. அதை வீடியோ எடுத்து அமெரிக்காவுக்கு நானே அனுப்புவன். ஆரும் பாக்க வராட்டியும் பரவாயில்லை."

"வீடியோ ஆர் எடுக்கிறது?"

"நீங்கள்தான். வேறை ஆர்?"

ஆவணியில் ஆட்டங்கள் தொடங்கின. சனிக்கிழமைகளில் ரஞ்சினி கோலுக்குப் பின்னால் தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்க்க வருகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அவர்களிலும் பாதிப்பேர் நாயுடன் உலாவ வந்தவர்கள். இங்கே எந்த அமெரிக்காக்காரன் வரப்போகிறான் என்று அவளுக்கு ஒவ்வொரு கிழமையும் வயிறு எரியும். அந்த ஆத்திரத்தில், மூன்றாவது ஆட்டத்தில் கவிசா நாலு பேருக்கு மேலாக எழும்பிப் பந்தைப் பிடித்தபோது, அவளை அறியாமலே வாய் திறந்துவிட்டது. "அது என்ர பிள்ளை! பாத்தியளோ, என்ர பிள்ளை!" ஒரு நாய் குரைத்தது.

கவிசா வீடியோவில் அந்தத் துண்டை வெட்டி எடுத்தபோது, "சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு அனுப்பன்," என்றார் விஜயரத்தினம்.

"இல்லையப்பா. இருக்கட்டும்."

அனுப்பின ஆறு பல்கலைக்கழகங்களில் ஐந்து வாயே திறக்கவில்லை. ஆறாவது, வீடியோ அழைப்பில் கதைக்க வேண்டும் என்றது. தொப்பி போட்ட பயிற்சியாளர் ஒருத்தி திரையில் வந்தாள். கவிசாவுடன் ஆங்கிலத்தில் கதைத்து முடித்து, "வீடியோவில் கத்துவது யார்?" என்று கேட்டாள். ரஞ்சினியைத் திரைக்கு முன்னால் இழுத்து இருத்தினார்கள்.

"அம்மா, உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள்."

பழைய சொற்கள் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து வரிசையில் நின்றன. அப்படியொன்றும் இல்லை, பஞ்சிப்படுவாள், கோப்பை கழுவமாட்டாள். பக்கத்தில் கவிசா மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"அவள் திறமான கோல் கீப்பர்," என்றாள் ரஞ்சினி, யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக. "உயரப் பந்துக்குப் பயமில்லை. மழையென்றாலும் பயிற்சிக்குப் போவாள். கோல் விழுந்தால் மற்றவர்களைக் குற்றம் சொல்லமாட்டாள். எனக்கு அவளை நினைக்கப் பெருமை."

"ஒக்டோபரில் ஜெர்மனிக்கு வருகிறேன். அவளுடைய ஆட்டம் ஒன்றைப் பார்க்கிறேன்," என்றாள் அந்தப் பெண். அதற்கு மேல் ஒன்றும் வாக்குத் தரவில்லை.

திரை அணைந்ததுதான் தாமதம், ரஞ்சினி குசினிக்கு ஓடினாள். இத்தனை வருசமாக அடக்கி வைத்ததை ஒரேயடியாகச் சொல்லியிருக்கிறாள். இனி வாய்க் காவல் உதவாது. செத்தல் மிளகாயையும் உப்பையும் கையில் பொத்தி வந்து மகளின் தலையை மூன்றுதரம் சுற்றினாள். "அம்மா, வேண்டாம், பெட்டி கத்தும்!" என்று கவிசா சொல்லச் சொல்ல, சூடேறிய சட்டியில் போட்டாள்.

பெட்டி கத்தியது. விஜயரத்தினம் இருமிக்கொண்டு யன்னலைத் திறக்க ஓடினார். மேல் மாடிக்காரர் கதிரையை இழுத்துவிட்டு எழும்புவது கேட்டது. கவிசா கூடத்துக்குள் இரண்டு எட்டு ஓடி, எழும்பி, கூரையிலிருந்த பெட்டியை இரண்டு கையாலும் திருகிப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். சத்தம் நின்றது.

ரஞ்சினி கண்ணைத் துடைத்தாள். மிளகாய் நெடி என்று சொல்லிவிடலாம். அவள் அப்படிச் சொல்லவில்லை.

"நல்லாப் பிடிச்சாய், பிள்ளை," என்றாள்.