ஐஸ் பெட்டியின் பெயர்

லைட்ஹவுஸ் குப்பத்து ஏலக் கொட்டகைக்குள் நுழைந்ததுமே தினகரனுக்குக் குமட்டியது. அழுகிய இறால் தலை, டீசல், காலை வாரும் வழுவழுத் தரை. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

புதிதாக வந்த வியாபாரி ஒருவர் ஐஸ் பெட்டியின் வைஃபை பாஸ்வேர்டு கேட்டார்.

"வைஷ்ணவியப் போடு, உடனே தொறந்துக்குவா!" என்று ஒருவன் கத்த, கொட்டகையே சிரித்தது.

போன வருடம் இங்குள்ள நான்கு ஐஸ் பெட்டிகளிலும் வைஃபை போர்டு பொருத்தியவன் தினகரன்தான். பெட்டிக்குள் குளிர் எவ்வளவு என்று போனிலேயே பார்க்க ஒரு பக்கம், அதற்கு ஒரு பாஸ்வேர்டு. மனைவியின் பெயரை வைத்தான். "மீன் பொட்டிக்கா என் பேரு?" என்று அவன் முதுகில் அடித்துச் சிரித்தாள் வைஷ்ணவி. அவள் இறந்துபோய் நான்கு மாதம்.

போன வாரம் பேட்டரி மாற்ற வந்தபோதும் இதே சிரிப்பைக் கேட்டான். இன்று பெயரை எடுத்துவிடுவது என்றே வந்திருந்தான். அதற்குப் போர்டைக் கழற்றி, லேப்டாப்பில் சொருகி, புதிய நிரலை ஏற்றி ஃப்ளாஷ் செய்ய வேண்டும்.

"நல்லாத்தான ஓடுது, இன்னாத்துக்கு சார் நோண்டுற?" என்றார் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் வேதாசலம்.

"பாதுகாப்புக்கு."

"யாரு சார் அந்த வைஷ்ணவி? உன் ஆளா?"

செதில் ஒட்டிய முகங்கள் அவன் பக்கம் திரும்பின. இவர்கள் வாயில் அவள் இன்னொரு முறை விழ வேண்டாம்.

"யாருமில்ல. சும்மா ஒரு பேரு."

சொன்ன வாயைக் கழுவ வேண்டும்போல் இருந்தது. போர்டின் மேல் மீன் கொழுப்பு மஞ்சளாகப் படிந்திருந்தது. துடைத்துச் சொருகி, பூட் பொத்தானை அழுத்திப் பிடித்தான். பத்து சதவீதம், நாற்பது, நூறு. புதிய பாஸ்வேர்டு வெறும் எட்டு எண்கள். நான்கும் முடிய மதியமாயிற்று.

கிளம்பும்போதுதான் கடைசிப் பெட்டியின் மறுபக்கத்தைப் பார்த்தான். படகில் எழுதுவதுபோல நீலப் பெயிண்டில், பூப் போட்டு: வைஷ்ணவி.

"போட்டுக்கெல்லாம் பேரு கீது, பொட்டிக்கு வாணாமா? அதான் எழுதிட்டோம்" என்றார் வேதாசலம்.

"அழிச்சிடுங்க."

"ஏன் சார்? யாருமில்லன்னு நீதான சொன்ன? இருந்துட்டுப் போவட்டும்."

தினகரன் வாய் திறப்பதற்குள் இரண்டு பேர் கூடையைத் தூக்கி மீனைச் சரித்தார்கள்.

"வைஷ்ணவி ரொம்பிட்டா, மூடுங்கடா!"

வெளியே வந்து மணலில் துப்பினான். மறுபடியும் துப்பினான். அந்த 'யாருமில்ல' வாயிலேயே இருந்தது.