நார்வேக்குப் போன வலதுகை உறை

ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் உள்ள தோல் கையுறைக் கம்பெனியில், நார்வேக்குப் போகவேண்டிய சரக்கைச் சோதித்துக்கொண்டிருந்த தமிழழகனின் கையை ஒரு வலதுகை உறை உள்ளிருந்து பிடித்துக்கொண்டது. புரட்டாசி மாதம், காலை டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். எலும்பும் தோலுமான வெதுவெதுப்பான கை. சுண்டுவிரல் மட்டும் உள்பக்கமாக வளைந்திருந்தது. தமிழழகன் உறையைக் கழற்றி உதறிப் பார்த்தார். காலிதான். மறுபடி மாட்டினார், மறுபடியும் பிடித்தது. தையல், சாயம், அளவு எல்லாம் சரியாகவே இருந்தன.

இவர் கம்பெனி ஆள் இல்லை. வாங்குகிற வெளிநாட்டுக்காரன் சார்பில் வந்து, கப்பல் ஏறும் முன் அங்கொன்று இங்கொன்றாகப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து, போகலாம், போகக்கூடாது என்று சொல்கிறவர். அந்த வேலையில் ஒரு சட்டம். சோதிக்கப் போன இடத்தில் ஒரு வாய் டீகூடக் குடிக்கக் கூடாது. ஆகவே வருஷக்கணக்காகத் தன் தண்ணீர் பாட்டிலோடு போய், அதோடு திரும்பினார். அவர் தலையைக் கண்டதும் தையல் பெண்களின் பேச்சு நின்றுவிடும். திருக்கோவிலூரில் அம்மா போன பிறகு வீடு அண்ணனிடம் போனது. இவர் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரூம் எடுத்தார். கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் அந்தப் பேச்சே விட்டுப்போனது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலை பஸ் ஏறி, மேலே போய், அதே பஸ்ஸில் திரும்புவார். பக்கத்தில் யாராவது வந்து உட்காருவார்களே, அதற்காக. அம்மாவுக்கு அப்புறம் அவர் கையை யாரும் பிடித்ததில்லை. அன்றைக்கு அந்த உறையைக் கழற்ற அவருக்கு மனசே வரவில்லை.

"இன்னா சார், டைட்டா இருக்குதா?" என்று கேட்டாள் பேக்கிங்கில் இருக்கும் பாப்பாத்தி.

"இல்லம்மா, சரியா இருக்குது."

பாஸ் என்றால் சாயங்காலமே கன்டெய்னர் ஏறிவிடும். ரிஜெக்ட் என்றால் கண்ணெதிரே கத்தரியால் வெட்டிப் போடுவார்கள்; கழித்த சரக்கு சந்தைக்கு வந்து வாங்குகிறவனின் பெயர் கெடக் கூடாது என்று ஏற்பாடு. காசு கொடுத்து வாங்கவும் முடியாது, அதற்கும் டீயின் சட்டம்தான். எப்படிப் பார்த்தாலும் அந்தக் கை அவருக்கு இல்லை. ஒருவேளை இங்கே யாருடையதாவது இருக்குமோ என்று தையல் வரிசையில் ஒவ்வொருத்தி விரலாகப் பார்த்துக்கொண்டே போனார். கையில் எண்ணெய்ப் பிசுக்கு தேடுகிறார் என்று நினைத்து அவர்கள் முந்தானையில் துடைத்துத் துடைத்துக் காட்டினார்கள். வளைந்த சுண்டுவிரல் ஒன்றுகூட இல்லை.

கடைசியில் அவருக்கு ஒரு அசட்டு யோசனை வந்தது. மணிக்கட்டுப் பக்கம் வெட்டச் சொல்லிவிட்டு, மீதியைக் குப்பையிலிருந்து எடுத்துக்கொண்டால் என்ன? "தோல்ல கோடு. ரிஜெக்ட்" என்றார். பாப்பாத்தி கத்தரியோடு வந்தாள். வெட்டுவது எப்போதும் விரல்களின் குறுக்கேதான் என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. உள்ளே இருந்த கை அவர் கையை வலிக்க வலிக்க இறுக்கியது. பயந்துவிட்டது, வேறென்ன.

"இப்பிடிக் குடுங்க சார்."

"வேணாம்மா. பாஸ்."

"கோடு இருக்குதுன்னீங்களே?"

"எங் கண்ணுலதான் கோளாறு."

அந்த ஜோடியைத் தானே மடித்துப் பெட்டியில் வைத்தார். கன்டெய்னர் கேட்டைத் தாண்டியபோது தமிழழகன் அழுதார். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்து வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்தார். சட்டப்படி அதையும் குடிக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, வெள்ளிமலை பஸ் மலை வளைவில் திரும்பிக்கொண்டிருந்தபோது, அவருடைய வலது உள்ளங்கைக்குள் ஒரு கை வந்து நுழைந்தது. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. ஐஸ்கட்டியாகச் சில்லிட்ட கை. சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. நார்வேயில் யாரோ அந்த உறையை வாங்கி மாட்டிக்கொண்டு பனியில் இறங்கிவிட்டார்கள் என்று அவருக்குப் புரிந்தது. அன்று கம்பெனியில் அவரைப் பிடித்ததும் இதே கைதான்; உறையை வாங்கும் முன்னாலேயே வந்து பிடித்திருக்கிறது. தமிழழகன் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். டிக்கெட்டுக்கு இடது கையால் காசை நீட்டியதும் கண்டக்டர் முகம் சுளித்தார்.

"மொதோ டிரிப்புல பீச்சாங்கையால குடுக்குறீங்களே சார்."

அடுத்த சோதனையின்போது பாப்பாத்தியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. "அங்கயும் தனியா கெடக்குற ஜென்மமா இருக்கும். நல்லாப் புடிச்சிக்குங்க சார்" என்றாள். அவள் வழியாக ஊருக்கே தெரிந்தது. "அவரு சோத்துக்கை வேலையா இருக்குது" என்று டீக்கடையிலும் பஸ்ஸிலும் சொல்லிவைத்தாள். குளிர் மாதங்களில் அவர் ஸ்பூனில் சாப்பிட்டார், இடது கையால் கையெழுத்துப் போட்டார். தையல் பெண்களும் அவர் வந்தால் பேச்சை நிறுத்துவதை விட்டுவிட்டார்கள்.

பங்குனியில் அங்கே பனி உருகி உறையைக் கழற்றிவிடுவார்கள் போல, கை காலியாகிவிடும். அந்த மாதங்களில் அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். மறுபடி ஐப்பசியில் வந்துவிடும். ஒரு வருஷம் ஐப்பசி கழிந்தும் வரவில்லை. வயசான கை, என்ன ஆனதோ என்று அவருக்குச் சோறே இறங்கவில்லை. கார்த்திகை பாதியில் வந்தது, கொஞ்சம் நடுக்கத்தோடு. அன்று பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் டீ குடித்துவிட்டு அவர் இடது கையால் காசை நீட்டினார்.

"அங்க குளிரு ஆரம்பிச்சிடுச்சா சார்?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் அதை வாங்கிக் கல்லாவில் போட்டார்.