பேரும் பிறந்த தேதியும்

ஸ்டான் குபாட்ஸ்கிக்கு நான் கொடுத்தது சரியான மாத்திரை. சரியான அளவு, சரியான நேரம், ஆளும் சரியான ஆள்தான். அதற்காகத்தான் எனக்கு எச்சரிக்கைச் சீட்டு எழுதினார்கள்.

குபாட்ஸ்கியை எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். அவருடைய மகன் ஜோயி, என் எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் ஒரு வருடம் முழுக்கத் தூங்கியவன். நான் மருத்துவமனை அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் அவர் படுக்கையிலிருந்து கையைத் தூக்கினார்.

"அடடே, வோட் டீச்சரா! ஸ்கூலை விட்டுட்டு இங்க என்ன பண்றீங்க?"

"ஜோயி இப்பவாவது முழிச்சுக்கிட்டானா?"

"எங்க! இப்ப ஆபீஸ்ல தூங்குறான். சம்பளம் குடுக்குறாங்க."

சிரித்தார், தையல் வலிக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கையில் கட்டியிருந்த பெயர்ப் பட்டையை ஸ்கேன் செய்தேன், மாத்திரையைக் கொடுத்தேன், விழுங்கினார். கதவருகில் நின்ற கிறிஸ்டா டூடெக் தன் கையிலிருந்த எழுதுபலகையில் ஏதோ எழுதினார். அவர் எங்கள் நர்ஸ் பயிற்சிக்கு ஆசிரியை. அவருக்கு வயது முப்பத்து மூன்று, எனக்கு நாற்பத்தேழு.

"நீங்க கேக்கல," என்றார், நடைபாதைக்கு வந்ததும்.

"அவரை எனக்கு நல்லாத் தெரியுமே."

"தெரிஞ்சவங்க கிட்டதான் எல்லாரும் கேக்காம விடுறாங்க. கையெழுத்துப் போடுங்க, க்ரெட்சன்."

மருந்து கொடுப்பதற்கு முன்னால் நோயாளி தன் வாயால் தன் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்ல வேண்டும். காலையில் சொல்லியிருந்தாலும் மத்தியானம் திரும்பச் சொல்ல வேண்டும். அது எங்கள் வேலையின் முதல் எழுத்து. ஒரு முறை விட்டால் சீட்டு, இரண்டாம் முறை விட்டால் வீடு. நாலு வருடம் படிக்கும் சின்னப் பிள்ளைகள் தோற்றால் அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம். எங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களைப் பிடித்து, பதினைந்தே மாதத்தில் நர்ஸாக்கி அனுப்புகிற படிப்பு இது. தவறி விழுந்தவரைத் தூக்கிவிட யாரும் நிற்பதில்லை.

மே மாதம் முப்பத்தாறு பேராகத் தொடங்கினோம். அக்டோபரில் இருபத்தெட்டு. பக்கத்தில் உட்கார்ந்தவர் திங்கட்கிழமை இருக்க மாட்டார், நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்வோம். பொறியாளர் ஒருவர் போனார், வயலின் வாசிக்கிற பெண் ஒருத்தி போனாள். எனக்கு அதில் வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை. சாப்பாட்டு மேஜையில் என்னோடு உட்காருகிற ட்ரெவர், முன்னாள் ஓட்டல் சமையல்காரன், எனக்கும் சேர்த்துப் புலம்பிக்கொள்வான்.

"ரெண்டு நிமிஷத்துல இருபது முட்டை உடைச்சவன்க்கா நான். இப்ப ஒரு மாத்திரைக்குப் பத்து நிமிஷம். முட்டை எதுவும் என்கிட்ட பேரைக் கேளுன்னு அடம்பிடிச்சதில்ல."

"நீ கேக்குறல்ல?"

"தூக்கத்துலகூட கேக்குறேன். நேத்து என் பொண்டாட்டிகிட்ட கேட்டேன், அடிக்க வந்துட்டா."

நான் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியை மென்றுகொண்டிருந்தேன். அது ருசியாக இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் எதுவும் எனக்கு ருசிக்கவில்லை. பசிக்கிற நேரத்தை அலைபேசி மணி சொல்லும், சாப்பிடுவேன்.

சேர்க்கைக்கான கட்டுரையில் நான் எழுதியது பச்சைப் பொய். என் கணவர் லென் நோயில் கிடந்தபோது நர்சுகள் காட்டிய அன்பு என்னை இந்தப் பாதைக்கு அழைத்தது என்று எழுதியிருந்தேன். யாரும் என்னை எந்தப் பாதைக்கும் அழைக்கவில்லை. லென் போன பிறகு வகுப்பில் போய் நின்றேன், பிள்ளைகளின் விடைத்தாளில் தப்பான தேதிக்குக் கோடு போட சிவப்புப் பேனாவை எடுத்தேன், கை போகவில்லை. மூன்று நாள் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். யோசிக்க நேரமே கொடுக்காத படிப்பு ஒன்று இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள், அது போதும் என்று சேர்ந்துவிட்டேன்.

பயிற்சிக்கூடத்துப் பொம்மைகளிடம் நான் அந்தக் கேள்வியைத் தடையில்லாமல் கேட்பேன். பொம்மை பதில் சொல்லாது. மனிதரிடம் கேட்கத்தான் வாய் வரவில்லை. அதனால் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். குபாட்ஸ்கி விவகாரம் முடிந்து பத்து நாள் இருக்கும். ஒரு பாட்டியம்மாவின் கைப்பட்டையைப் பார்த்துக்கொண்டே, "நீங்க ரூத் ஹாலரன், ஜூலை ஒன்பது, அப்படித்தானே?" என்றேன். அவர் தலையாட்டினார். மாத்திரைக் கிண்ணத்தை நீட்டிய என் கையை டூடெக் பிடித்துக்கொண்டார்.

"ரூத்தம்மா, உங்க பேரு மரியா, நீங்க கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பொறந்தீங்க, அப்படித்தானே?" என்று கேட்டார்.

பாட்டியம்மா அதற்கும் சிரித்த முகமாகத் தலையாட்டினார்.

என்னை மருந்து அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார் டூடெக்.

"மருந்து இன்னும் உள்ள போகல, அதனால எழுதல. போயிருந்தா இன்னிக்கு உங்க கடைசி நாள். பரீட்சையில நீங்கதான் முதல் மார்க். பொம்மைகிட்ட அழகாக் கேக்குறீங்க. மனுஷங்ககிட்ட என்ன வந்துச்சு உங்களுக்கு?"

சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். கடையில் சாமான் பட்டியல் வாசிக்கிற குரலில் சொல்லி முடித்துவிட்டேன்.

போன வருடம் மார்ச் மாதம், வேறொரு மருத்துவமனை. லென்னுக்குப் புற்றுநோய் கல்லீரல் முழுக்கப் பரவியிருந்தது. ஆறு வாரம் கிடந்தார். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பெயர், பிறந்த தேதி. அவரும் சளைக்காமல் சொல்லுவார், சில நேரம் நர்சைப் பார்த்து, பரிசு ஏதாவது அனுப்பப் போறீங்களா என்று கேட்பார். கடைசி நாள் காலையில் நர்ஸ் கேட்டபோது பெயரைச் சொன்னார். தேதிக்கு, "ஆகஸ்ட் பதினேழு," என்றார்.

அது என்னுடைய பிறந்த நாள்.

இருபத்தோரு வருடம் தேதி திருத்தியவள் நான். வாய் தானாக வந்தது. "அது என்னோடது லென். உங்களோடது பிப்ரவரி நாலு," என்றேன், வகுப்பில் சொல்கிற அதே குரலில். நர்ஸ் பட்டையைப் பார்த்தாள், தலையசைத்தாள், ஊசியைக் குழாயில் செலுத்தினாள். லென் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மருந்து ஏறிவிட்டது. பிறகு அவர் கண் விழிக்கவே இல்லை. நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது, நீங்கள் சொன்னது தப்பு என்பதுதான்.

டூடெக் என் தோளைத் தொடவில்லை. ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன், அப்போது எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாத நிலை.

"நாளைக்குக் காலையில ஐநூத்திப் பன்னெண்டாம் ரூம்," என்றார். "நான் கதவுக்குப் பக்கத்துல நிப்பேன். கேட்டா இருங்க. கேக்க முடியலன்னா நீங்களே போயி விலகுறேன்னு எழுதிக் குடுத்துருங்க, நான் சீட்டு எழுத வேணாம்."

மறுநாள் ஏரிப் பக்கமிருந்து பனி அடித்துக்கொண்டிருந்தது. கார் கண்ணாடியைச் சுரண்டிவிட்டு ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தேன். படிப்பிலிருந்து விலகும் கடிதத்தை எழுதி, மடித்து, சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

ஐநூற்றுப் பன்னிரண்டில் ஆல்வின் ஸ்டர்ஜிஸ், இடுப்பு மூட்டு மாற்றி இரண்டாம் நாள். வலி மருந்தில் கொஞ்சம் மிதந்துகொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி பெர்னடெட், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அவருடைய கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். நான் மாத்திரைக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றேன். டூடெக் கதவருகே நின்றார். கடிதம் இருந்த பக்கம் கை போனது. எப்படியோ கேட்டுவிட்டேன், குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"உங்க பேரும் பொறந்த தேதியும் சொல்லுங்க."

"ஆல்வின் ஸ்டர்ஜிஸ்." கண்ணை மூடி யோசித்தார். "மே இருபத்தெட்டு."

"ஐயோ, ஆல்வின், அது இல்ல. உங்க—" என்று தொடங்கினார் பெர்னடெட்.

நான் கையை உயர்த்தினேன். கடைசி பெஞ்சு வரை அடக்குகிற பழைய கை அது. பெர்னடெட் கரண்டியைப் பிடித்தபடியே பேச்சை நிறுத்தினார்.

கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தேன்.

"மே இருபத்தெட்டு அன்னிக்கு என்ன ஆச்சு?"

"எங்க நேவிக் கப்பல் வந்துச்சு," என்றார். "ஒரு வருஷம் கழிச்சுக் கரைக்கு வர்றேன். இவ மஞ்சள் கவுன் போட்டுக்கிட்டு ஓடி வந்தா. ஓடி வந்து வேற ஒருத்தனைக் கட்டிப்பிடிச்சா."

"எல்லாரும் ஒரே வெள்ளைத் தொப்பி! நான் என்னத்தைக் கண்டேன்!" பெர்னடெட்டின் முகம் சிவந்துவிட்டது. "அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் சொல்லிக் காட்டுறார் பாருங்க."

"அவன் பேரு டெக்ஸ்டர். ரொம்ப சந்தோஷப்பட்டான்," என்றார் ஆல்வின். சிரித்தார். மூச்சு நிதானமாகும் வரை காத்திருந்தேன். எனக்கு அவசரம் எதுவும் தோன்றவில்லை.

"சரி, நீங்க பொறந்தது என்னிக்கு?"

"அதுவா? டிசம்பர் மூணு, நாப்பத்தஞ்சு. அதுல ஒண்ணும் விசேஷம் இல்ல."

பட்டையைப் பார்த்தேன். டிசம்பர் மூன்று. ஸ்கேன் செய்தேன், மாத்திரையைக் கொடுத்தேன், தண்ணீர்க் குவளையைப் பிடித்தேன். அவர் விழுங்கியதும் பெர்னடெட் கஞ்சியை ஊட்டத் தொடங்கினார்.

வெளியே டூடெக் பலகையில் ஒரு குறி போட்டார். பேனாவை மூடாமலே என்னைப் பார்த்தார்.

"அந்தம்மாதான் சொல்ல வந்தாங்களே. சொல்லவிட்டு, பட்டையைப் பாத்து, ஒரு நிமிஷத்துல முடிச்சிருக்கலாம். ஆளு மயக்கத்துல இருந்தா விதியில அதுக்கு இடம் இருக்கு. ஏன் தடுத்தீங்க?"

"அவர் இன்னும் பேசி முடிக்கல," என்றேன்.

சொன்ன பிறகுதான் அது ஆல்வினைப் பற்றியது அல்ல என்று தெரிந்தது. மருந்து வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பத்தொன்பது மாதத்தில் முதல் தடவையாக எனக்கு அழுகை வந்தது, அசிங்கமாக, மூக்கு ஒழுக, நடைபாதையின் நடுவில்.

டூடெக் ஒரு காகிதத் துண்டை உருவிக் கொடுத்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம்," என்றார். "அப்புறம் ஐநூத்திப் பதிமூணு. அவருக்குக் காது கேக்காது, சத்தமாக் கேக்கணும்."