மாலை ஆறு மணித் திருகல்

பேருந்துப் பணிமனையில் சக்கர நட்டு எதுவும் அடம்பிடித்தால் ஃபிட்டரைத்தான் கூப்பிடுவார்கள். மூன்று பேர் தொங்கியும் அசையாததை அவர் ஒரே மூச்சில் கழற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். அப்பேர்ப்பட்ட மனிதரால் வீட்டில் ஒரு சின்ன நட்டைக் கால் சுற்று திருக முடியவில்லை என்று தெரிந்தால் பணிமனையே விழுந்து விழுந்து சிரிக்கும். அதனால் அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பெண்டாட்டியிடம்கூட.

அந்த நட்டு இருந்தது அவருடைய ஏழு வயது மகளின் காலில். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர், காரணத்தோடுதான். வலது முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டிய இரண்டு எலும்புகளில் மெல்லியது அவளுக்குப் பிறவியிலேயே இல்லை. இருந்த ஒன்றும் குட்டையாகவே வளர்ந்தது. இடது காலைவிட நான்கு சென்டிமீட்டர் குறைவு. மாசமாக இருந்தபோது எதைத் தின்றாய், எங்கே விழுந்தாய் என்று அவள் அம்மாவைக் குடைந்தெடுக்காத சொந்தக்காரர் இல்லை. “யார் மேலயும் தப்பு இல்லம்மா, கருவுலயே இப்படி ஆயிடுது” என்று டாக்டரம்மா சொன்ன அன்றுதான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஆபரேஷனில் எலும்பை அறுத்து, காலைச் சுற்றி வளையங்கள் மாட்டி, மெல்லிய கம்பிகளை எலும்பில் கோத்திருந்தார்கள். வளையங்களை இணைக்க நான்கு தண்டுகள், தண்டுக்கு ஒரு நட்டு. பத்தாம் நம்பர் ஸ்பேனரால் தினமும் நான்கு வேளை, வேளைக்குக் கால் சுற்று திருகினால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் எலும்பு விலகும். விலகிய இடத்தில் புது எலும்பு வளர்ந்து கால் நீளும். திருகாமல் விட்டால் வெட்டிய இடம் சீக்கிரமே ஒட்டிக்கொள்ளும், அப்புறம் மறுபடியும் கத்திதான்.

காலையும் மதியமும் அம்மாவின் வேளை. கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்ததால் அவளால் ஓடி வந்துவிட முடிந்தது. மாலை ஆறு மணியும் படுக்கப்போகும் நேரமும் அப்பாவுக்கு. சுவரில் ஒட்டிய தாளில் வேளைக்கு ஒரு டிக் போட வேண்டும்.

முதல் நாள் மாலை ஃபிட்டர் ஸ்பேனரை வைத்ததுமே வாலு “அப்பா, வேணாம்பா” என்றாள். அவள் அலறியிருந்தால்கூடத் திருகியிருப்பார். கெஞ்சினாள். ஸ்பேனரைச் சும்மா ஆட்டிவிட்டு எடுத்தார், தாளில் டிக் போட்டார். நாளைக்குச் சேர்த்துத் திருகிக்கொள்ளலாம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டார். படுக்கும் நேரத்திலும் மறுநாளும் அதே கதைதான். இதில் வேடிக்கை, பெண்டாட்டி அவரை மெச்சினாள். “என்கிட்ட ஊரைக் கூட்டுறா, உங்ககிட்ட கம்முனு இருக்கா. உங்க கை ராசிங்க.” மனிதர் அதையும் வாங்கிக்கொண்டார், வெட்கமில்லாமல்.

பன்னிரண்டாம் நாள் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, எலும்பின் இடைவெளியை ஸ்கேலால் அளந்தார்.

“பன்னெண்டு மில்லிமீட்டர் இருக்கணும். ஆறுதான் இருக்கு. ஓரத்துல ஒட்ட ஆரம்பிச்சிடுச்சு. ஒழுங்காத் திருகுறீங்களா?”

“ஒரு வேளைகூட விடல டாக்டர்.” அம்மா பையிலிருந்து டிக் தாளை எடுத்து விரித்தாள். அவள் விரல் தன்னுடைய கட்டங்களில் போய் நின்றது. “நான்தான் தப்பாத் திருகிட்டேனோ? கடையில ஆள் நிக்கிறாங்கன்னு அவசர அவசரமா... எல்லாம் என்னாலதான்.”

ஏழு வருஷமாக ஊர் அவள் தலையில் கட்டிய பழி போதாதென்று இப்போது அவளே ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். ஃபிட்டரால் அதற்குமேல் உட்கார முடியவில்லை.

“அவ இல்ல டாக்டர். நான்தான். நான் திருகவே இல்ல. சும்மா டிக் போட்டேன்.”

அம்மா அவரைப் பார்த்த பார்வையில் பணிமனை நட்டுகள் எல்லாம் தாமாகவே கழன்றிருக்கும். வாலு நிதானமாகச் சொன்னாள்: “எனக்கு முதல் நாளே தெரியும். வலிக்கலன்னுதான் நானும் சொல்லல.”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. திட்டினார். “முழுசா ஒட்டல. இன்னைக்கிலிருந்து ஒரு வேளை தப்பக் கூடாது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் படம் எடுப்போம். விலகலன்னா மறுபடியும் வெட்டணும்.”

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா, “இனி நாலு வேளையும் நானே பாத்துக்கிறேன். நீங்க பஸ்ஸைப் பாருங்க” என்றாள்.

“இல்ல. என் வேளை என்னோடது.”

ஆறு மணிக்கு உட்கார்ந்தார். வாலு கெஞ்சினாள், அழுதாள், அவர் முழங்கையைக் கடித்தாள். “நீ கெட்ட அப்பா!”

“ஆமாடி, கெட்ட அப்பாதான்.” கண் நிறைந்து நட்டு மங்கலாகத் தெரிந்தது. தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கால் சுற்று திருகினார். நான்கு நட்டுகளும் முடிந்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது. படுக்கும் முன்பும் அதே கூத்து. மறுநாளும், அதற்கடுத்த நாளும்.

வெள்ளிக்கிழமை புதிய படத்தில் எலும்பின் நடுவே கறுப்பு இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. “விலகிடுச்சு. கத்தி வேணாம்” என்றார் டாக்டரம்மா. அம்மா நாற்காலியிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். ஃபிட்டர் வெளியே கூடத்துக்கு வந்து, அத்தனை நோயாளிகள் முன்னாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பின்னாலேயே சக்கர நாற்காலியில் வந்த வாலுவுக்கு மானம் போனது.

“வலி எனக்கு. நீ ஏம்பா அழுவுறே?”

அவர் மூக்கைச் சிந்திவிட்டு கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறு. சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

“இங்கேயேவா?” என்றாள் வாலு. சுற்றிலும் பார்த்தாள். பிறகு தானே காலை அவர் பக்கம் நீட்டினாள். “நான் கத்துவேன்.”

“கத்து.”

கத்தினாள். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் நான்காவது நட்டையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.