சுவர்ப் பக்கத்துக் கதிர்

1

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கை எட்டும் தூரத்தில் நீங்கள் இருந்தால்தான் எனக்குச் சொல்ல வரும். ஒரு துளசியின் கதை சொல்லப் போகிறேன். முழுசாகச் சொல்வேன் என்று மட்டும் சத்தியம் கேட்காதீர்கள். எனக்கே முழுசாகக் கிடைக்கவில்லை.

கிடைத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அறுபத்தொன்றோ அறுபத்திரண்டோ, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ். வெளியே சாரல். பக்கவாட்டுப் படுதாவை இறக்கிவிட்டிருந்தார்கள். ஈரத்துணி வாசத்தோடு எல்லோரும் அரை இருட்டில் உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்தில் ஒரு பெண். முந்தானையைத் தலைமேல் இழுத்து, நெற்றி வரைக்கும் மூடியிருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. பைக்குள்ளிருந்து துளசி வாசம் வந்தது.

"கோயிலுக்காம்மா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா" என்றாள்.

விக்கிரவாண்டி வருவதற்குள் கதையைத் தொடங்கிவிட்டாள். கூட்டேரிப்பட்டில், ஒரு வாக்கியத்தின் நடுவில், இறங்கிப் போய்விட்டாள். அந்தப் பாதி வாக்கியத்தைத்தான் இத்தனை வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

2

எப்படித் தொடங்கலாம் என்று பார்க்கிறேன்.

"விழுப்புரம் ரயிலடிக்குப் பின்னால் ஒரு வீட்டில் ராஜாமணி என்றொரு பதிவிரதை..." வேண்டாம். பதிவிரதை என்று எழுதிவிட்டால் அப்புறம் அவளுக்குக் கோபம் வரக்கூடாது. இவளுக்கு நன்றாக வரும்.

"துளசியின் மகிமையை யாரால் சொல்லி முடியும்..." இதுவும் வேண்டாம். உபன்யாசத்தில் போய் நிற்கும்.

இப்படி வைத்துக்கொள்வோம்: அந்த வீட்டுத் துளசியின்மேல் தினமும் கரி விழுந்தது.

ரயில் எஞ்சின்கள் வந்து நிற்கும் கொட்டகை அடுத்தாற்போலவே இருந்தது. புகை எழும்பி, வானத்தில் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, இந்த வாசலில்தான் இறங்கும். விடிந்ததும் ராஜாமணியின் மாமியார் முனியம்மாள் ஈரத்துணியோடு துளசி மாடத்துக்கு வருவாள். குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல ஒவ்வோர் இலையாகத் துடைப்பாள். பார்வை மங்கிப்போனவள், விரல்தான் அவளுக்குக் கண். துடைத்து, தண்ணீர் ஊற்றி, கடைசியில் கதிர் கிள்ளுவாள்.

துளசி பூத்துக் கதிர் விட்டால், அதை முத்த விடக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். முத்தினால் செடி தன் உயிரையெல்லாம் விதைக்குக் கொடுத்துவிட்டுத் தான் காய்ந்துபோகும். துளசி காய்ந்த வீட்டில்...

(இந்த வாக்கியத்தை முனியம்மாளும் முடித்ததில்லை.)

ஆகையால் நகம் படாமல் விரல்நுனியால் கிள்ளிப் பெருமாள் படத்துக்கு வைத்துவிடுவாள். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு செடியைத் தொடமாட்டாள்.

அவள் மகன், ராஜாமணியின் புருஷன், எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போடுகிறவன். அவன் பெயரை ராஜாமணி பஸ்ஸில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? சீனுவாசன் என்று நானாக வைத்தேன். அவனுக்கு நெஞ்சில் காசம் கண்டு, தாம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்து மாசக்கணக்கு ஆகிவிட்டது.*

* காசத்துக்கு ஊசி வந்துவிட்ட காலம்தான். பயத்துக்கு இன்னும் வரவில்லை.

3

ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜாமணி ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வேப்பமரங்களுக்கு நடுவில் நீளநீளமான ஓட்டுக் கட்டடங்கள். கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேச வேண்டும்.

"இன்னா வேணும் சொல்லுங்க, அடுத்த வாட்டி எடுத்தாறேன். முறுக்கா, மல்லாட்டை உருண்டையா?"

"வெத வேணும்."

"இன்னா வெத?"

"நம்ம ஊட்டுத் தொளசி வெத. காலி பால் டின்னு ஒண்ணு வாங்கி வச்சிக்கீறேன். மண்ணு ரொப்பி ஜன்னலாண்ட வைப்பேன்."

"எங்கனா செடியாவே கேட்டு..."

"செடி வேணாம் மணி. படுத்ததையும் எளச்சதையும்தான் தெனம் பாத்துக்கினு கீறேன். ஒண்ணு மொளைக்கிறத பாக்கணும்."

அவ்வளவுதான் அவன் கேட்டது. ஆனால் முளைக்கிறதைப் பார்க்க விதை வேண்டும். விதைக்குக் கதிர் முத்த வேண்டும். கதிர் முத்தினால் துளசி காயும். துளசி காய்ந்த வீட்டில்...

(ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற நீ கேட்பது காதில் விழுகிறது, கண்ணு. பெருமாள் கோயில் நந்தவனத்தில் ஒரு பிடி விதை வாங்கிப் போகக்கூடாதா? பஸ்ஸில் நானும் அதைத்தான் கேட்டேன். "எங்க ஊட்டுதுன்னு பொய் சொல்லிக் குடுக்கச் சொல்றியாக்கா? மொளச்ச எலைய மோந்து பாத்தே சொல்லிடுவாரு. எங்க தொளசில கரி வாசம் அடிக்கும்" என்றாள்.)

4

"அத்தை, அவரு தொளசி வெத கேக்குறாரு. ரெண்டு கதிரக் கிள்ளாம உடுங்க."

முனியம்மாள் திரும்பவில்லை. இலை துடைத்துக்கொண்டே பேசினாள். "சின்னதுல அம்மை வாத்தப்போ கருவாடு கேட்டான். குடுத்தனா?"

"தொளசியும் கருவாடும் ஒண்ணா?"

"கதிரு அவளுக்குத் தலபாரம்டி. முத்துனா காஞ்சுடுவா. தொளசி காஞ்ச ஊட்ல..."

"சொல்லுங்களேன். காஞ்ச ஊட்ல இன்னா?"

"எம் வாயால சொல்லமாட்டேன்."

"ஒரே ஒரு கதிரு முத்துனா மொத்தச் செடியும் காஞ்சுடுமா?"

"ஒண்ணுதானேன்னுதான் உடுவ. எம் புள்ளைக்கும் ஒரு நெஞ்சுதான கீது?"

பக்கத்து வீட்டுச் சின்னபொண்ணு சுவருக்கு அந்தண்டை நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் தலையை நீட்டினாள். "இன்னா பெரியம்மா, உம் மருமவ தொளசிய உத்து உத்து பாக்குறா? வேண்டுதலா, வேவா?"

"உன் ஊட்டு அடுப்புல பால் பொங்கி வழியுது, போய் அத உத்துப் பாருடி, பேஜாரு புடிச்சவளே!"

இந்த இடத்தில் எனக்கு ஒரு சபலம் வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். மாமியாரைக் கெட்டவளாக்கிவிட்டால் கதை ஜல்தியாக முடிந்துவிடும். கிழவி பிடிவாதக்காரி, மருமகள் புத்திசாலி, விதை போய்ச் சேர்ந்தது, சுபம். இரண்டு பக்கம் அப்படியே எழுதியும் பார்த்தேன். எழுதும்போதெல்லாம் முனியம்மாள் என் கண்ணுக்கு எதிரில் ஈரத்துணியோடு நின்று ஒவ்வோர் இலையாகத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்கிற கையை எப்படிக் கெட்ட கையாக எழுதுவது? விட்டுவிட்டேன்.

ஒரு செடியை நடுவில் வைத்து இரண்டு பெண்கள், ஒரே ஆளைச் சாகாமல் பார்த்துக்கொள்ளப் போராடினார்கள். ஒருத்தி கிள்ளி. ஒருத்தி கிள்ளாமல். கதை இவ்வளவுதான்.

5

துளசி மாடத்தின் ஒரு பக்கம் மதில்சுவர். நடுவில் கை நுழைகிற அளவுக்குத்தான் இடம். அந்தப் பக்கத்தில், தாழ்ந்த கிளை ஒன்றில், ராஜாமணி ஒரு கதிரைப் பார்த்து வைத்தாள். புடவைத் தலைப்பிலிருந்து ஒரு நூலை உருவினாள். கதிரை மெல்ல வளைத்து, இலைக்கு அடியில் தண்டோடு சேர்த்துக் கட்டிவிட்டாள்.

அப்புறம் காத்திருப்பதுதான் வேலை. முனியம்மாள் செடியைத் தொடாத நாட்களில் மூச்சு சீராக வரும். மற்ற நாட்களில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, மாமியாரின் விரல்கள் போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கதிரில் ஊதாப்பூ உதிர்ந்தது. குட்டிக் கிண்ணங்கள் போலப் பச்சையாக வரிசை கட்டியது. பச்சை மெள்ளப் பழுப்பாகத் தொடங்கியது. இரவில் அவளுக்கு ஒரே கனவு: ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு அடியிலெல்லாம் துளசி முளைத்து, மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு, ஜன்னல் வழியே வெளியே போகிறது. யாரும் விழவில்லை. எல்லோரும் படுத்தபடியே மிதந்து வருகிறார்கள்.

(இந்தக் கனவு அவளுடையதா, பஸ்ஸில் கண்ணசந்தபோது நான் கண்டதா, இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கட்டும்.)

ஒரு நாள் காலை. கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்த ராஜாமணி, துடுப்பும் கையுமாக எட்டிப் பார்த்தாள். முனியம்மாளின் விரல்கள் செடியைச் சுற்றி வந்தன. மதில் பக்கம் போயின. நின்றன. நூலைத் தொட்டன. நூல் போன வழியே போய்க் கதிரைத் தொட்டன. முத்திய கதிர், பிஞ்சுக் கதிர் போல வழுக்காது, சொரசொரக்கும். விரலுக்குத் தெரியாமல் இருக்காது.

களி அடிப்பிடிக்கிற வாசம். ராஜாமணி நகரவில்லை.

விரல்கள் கதிரின் அடியிலிருந்து நுனிவரைக்கும் ஒருதரம் போய் வந்தன. அப்புறம் ஒவ்வொன்றாகக் கதிரைவிட்டு விலகின. முனியம்மாள் துளசியைப் பார்த்து, துளசிக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"தாயே, எனக்கு இந்தப் பக்கம் கண்ணு தெரியாது."

அன்றைக்குச் செடிக்கு இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள். அன்றிலிருந்து கதிர் பறிக்கிற வரைக்கும் ஒருவேளைச் சோறுதான் சாப்பிட்டாள். ஏன் அத்தை என்று கேட்டதற்கு, "வயிறு மந்தமா கீது, உனுக்கு இன்னா?" என்றாள்.

6

கதிர் காய்ந்தது. செடி காயவில்லை. பறித்தவள் முனியம்மாளேதான்.

உள்ளங்கையில் வைத்துக் கசக்கி உமியை ஊதினாள். மிஞ்சியது கறுப்பாக, பொடிப்பொடியாக, ரயில் கரித்தூள் மாதிரியே இருந்தது. விதை எது, வாசலில் விழுந்த கரி எது? முனியம்மாள் விரலை நனைத்து ஒரு பொடியைத் தொட்டாள். கொஞ்சநேரம் பொறுத்தாள். பொடியைச் சுற்றி வெளுப்பாக ஒரு பசை கட்டியது, மீன்கண் மாதிரி.

"வெததான்" என்றாள். "கரி கண்ணு தொறக்காது."

மருமகளின் முந்தானை நுனியில் தானே முடிந்துவிட்டாள். "ஆழமா ஊனாதன்னு சொல்லு. மேலாக்கத் தூவி, பேருக்கு மண்ணு போட்டாப் போதும். வெளிச்சம் வேணும் அதுக்கு."

ஞாயிற்றுக்கிழமை ராஜாமணி ரயிலேறினாள். வழிநெடுக முடிச்சைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். திண்டிவனம் போனது, மதுராந்தகத்து ஏரி போனது, செங்கல்பட்டு போனது. தண்ணீருக்குமேல் ரயில் போகிற மாதிரி இருந்ததாம், சக்கரச் சத்தமே கேட்கவில்லையாம்.

இனி அவள் சொன்னதை அப்படியே தருகிறேன். ஒரு சொல்லும் என்னுடையதில்லை.

"உள்ள போறேன்க்கா. ஜன்னலாண்ட பால் டின்னு கீது, மண்ணு ரொப்பி, தண்ணி தெளிச்சி. கட்டில்ல அவரு..."

"கூட்டேரிப்பட்டு! கூட்டேரிப்பட்டுல்லாம் எறங்கு! ஜல்தி எறங்கும்மா, படுதாவ மூடணும்!"

கண்டக்டர்தான். அவள் பதறி எழுந்தாள். பைக்குள் கைவிட்டு, ஒரு காய்ந்த துளசிக் கதிரை எடுத்து என் கையில் திணித்தாள்.

"வச்சிக்கக்கா. ஆழமா ஊனாத."

போய்விட்டாள்.

7

கட்டில்ல அவரு...

...இல்லை. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அவள் டின்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு...

கிள்ளிவிட்டேன்.

...எழுந்து உட்கார்ந்திருந்தார். ஊசி வேலை செய்திருந்தது. சிரித்துக்கொண்டே கையை நீட்டி, "கொண்டாந்தியா மணி?" என்று...

இது எனக்குப் பிடித்த முடிவு. பிடித்ததாலேயே சந்தேகமாக இருக்கிறது. கிள்ளிவிட்டேன்.

...தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. தானே முடிச்சை அவிழ்த்து, மேலாக்கத் தூவி, பேருக்கு மண் போட்டு, கட்டில் ஓரத்தில்...

இதை ரொம்ப நாள் கிள்ளாமல் வைத்திருந்தேன். இன்றைக்குத்தான் மனசு வந்தது.

கதையென்றால் முடிவு வேண்டும் என்பார்கள் தெரிந்தவர்கள். எல்லா முடிவையும் கிள்ளிக்கொண்டே இருந்தால் கதை பச்சையாகவே இருக்கும், ஆனால் இன்னொரு வீட்டில் முளைக்காது. அதுவும் எனக்குத் தெரிகிறது. ஆகவே ஒன்றே ஒன்றை மதில் பக்கம் விட்டு வைத்திருக்கிறேன். அவள் கொடுத்த கதிர் எந்தச் செடியில் விளைந்தது? விழுப்புரத்து மாடத்திலா, தாம்பரத்து டின்னிலா? டின்னில் விளைந்ததென்றால், முளைத்ததை அவன் பார்த்திருக்கிறான். அதற்குமேல் அந்த மனுஷன் எதுவும் கேட்கவில்லையே.

திண்டிவனத்தில் என் வீட்டு வாசலில் அதை விதைத்தேன். முளைத்தது. எங்கள் தெருப்பக்கம் ரயில் கிடையாது. இலையைக் கசக்கினால் சிலநாள் கரி வாசம் வருகிறது, சிலநாள் வருவதில்லை.

8

இப்போது நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும். உங்கள் வயசில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். "அவள் நெற்றியில் பொட்டு இருந்ததா பாட்டி? கழுத்தில் தாலி இருந்ததா?" ஒரு பார்வை பார்த்திருந்தால் பாதி வாக்கியம் முழு வாக்கியமாகியிருக்கும்.

சொல்கிறேன். அவள் இறங்கும்போது கண்டக்டர் படுதாவைத் தூக்கினார். மயிலம் மலைப் பக்கமிருந்து காற்று ஒன்று வேகமாக வந்தது. தலைமேல் இருந்த முந்தானை சரிந்து விழுந்தது. கீழே நின்று ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெளிச்சமும் போதுமான அளவுக்கு இருந்தது.

எனக்கு இந்தப் பக்கம் கண்ணு தெரியாது, கண்ணுகளா.

கையை நீட்டுங்கள். ஆளுக்கு ஒரு சிட்டிகை. கரித்தூள் மாதிரித்தான் இருக்கும், தூசி என்று தட்டிவிடாதீர்கள். நனைத்துப் பாருங்கள், கண் திறக்கும். கட்டிலில் அவர் எப்படி இருந்தார் என்பதை, இது உங்கள் வாசலில் முளைக்கிற காலையில், அந்த இரண்டு இலையைப் பார்த்தபடி நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்வதுதான் சரி.

உங்கள் வீட்டில் படுத்திருப்பவர் எழுந்து உட்காரட்டும். தூரத்தில் இருப்பவருக்கு, கேட்டது கேட்டபடி போய்ச் சேரட்டும். கிள்ளுகிற கையும் கிள்ளாத கையும் ஒரே வட்டிலில் சாப்பிடட்டும். உங்கள் வாசல் துளசி என்றைக்கும் ஈரமாக இருக்கட்டும், அதன் மதில் பக்கத்தில் எப்போதும் ஒரு கதிர் முத்திக்கொண்டிருக்கட்டும்.