நாலாம் மேசையின் பச்சைப் புள்ளி

அந்த மஞ்சள் பட்டையை முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டேன். புதுசக்காவின் மடிக்கணினியில், தட்டச்சு செய்யும் பக்கத்துக்கு மேலே நீளமாக ஒட்டிக்கொண்டிருக்கும். ‘புதிய பதிப்பு தயார். சந்தா உரிமையாளரின் ஒப்புதல் தேவை.’ அவர் மூலையிலிருக்கும் பெருக்கல் குறியை அழுத்துவார். பட்டை போய்விடும். பத்து நிமிஷத்தில் கடன்காரன் மாதிரி திரும்பி வந்து நிற்கும்.

“சரிபண்ணித் தரட்டுமாக்கா?”

“வேண்டாம் தம்பி. எனக்கும் அதுக்கும் பழகிப்போச்சு.”

எங்கள் அலுவலகம் டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். சாமான்களோடு வரும் காகிதங்களை மொழிபெயர்ப்பதுதான் தொழில். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடிந்து கிடக்கும் தாள், சலவை இயந்திரத்தின் கையேடு, இப்படி. ‘யாரும் படிக்காத இலக்கியம்’ என்பார் பெரியக்கா. அலுவலகம் அவருடையது. அவர் வாயில் யாருக்கும் சொந்தப் பெயர் தங்காது. உயரத்துக்கும் ஒல்லிக்கும் சேர்த்து எனக்குக் குச்சி என்று பெயர். கணினிகளின் நோய்நொடி என் பொறுப்பு. ஆறு வாரத்துக்கு முன் சேர்ந்தவர் புதுசு. என்னைவிட மூத்தவர் என்பதால் நான் புதுசக்கா என்பேன்.

இங்கே அவரவர் சொந்தக் கணினியைக் கொண்டுவந்துதான் வேலை. வந்த முதல் நாளே அதற்கு நான் ஒரு பெயர் வைத்துவிடுவேன். அலுவலகத்தின் பெயர், தெரு, மாடி, மேசை எண். முன்பு எல்லாக் கணினிக்கும் ஒரே பெயராக இருந்தபோது அச்சுத் தாள்கள் கலந்துபோய், காய்ச்சல் மருந்தின் குறிப்பில் ‘வெள்ளைத் துணிகளைத் தனியாகப் போடவும்’ என்று ஏறிவிட்டது. அதிலிருந்து இந்த விஷயத்தில் நான் கறார்.

அன்று மதியம் பன்னிரண்டரை மணிக்குப் பட்டை சிவப்பானது. பெருக்கல் குறியைக் காணோம். பக்கம் பூட்டிக்கொண்டது. படிக்கலாம், எழுத முடியாது. இன்சுலின் பேனாவின் குறிப்பு மூன்று மணிக்குப் போயாக வேண்டும்.

“குச்சி, அதைப் பாருடா. புதுசு முகம் வெளிறிப்போச்சு” என்றார் பெரியக்கா.

“இல்லக்கா, நானே பார்த்துக்கறேன்” என்றார் புதுசக்கா. ஆனால் அந்த நேரம் பார்த்து மருந்துக் கம்பெனியிலிருந்து தொலைபேசி வர, பெரியக்கா அவரை உள்ளறைக்குக் கூப்பிட்டார்.

நான் புதுசக்காவின் நாலாம் மேசையில் உட்கார்ந்தேன். மென்பொருளை மூடித் திறந்தேன். பழுதுநீக்கு என்ற பொத்தானை அழுத்தினேன். இணையத்தைத் துண்டித்துச் சேர்த்தேன். கணினியை ஒருமுறை அணைத்து எழுப்பினேன். எதற்கும் மசியவில்லை. கணக்குப் பக்கத்துக்குப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. அது குடும்பச் சந்தா. ஒருவர் வாங்கி, வீட்டில் ஆறு பேர்வரை பயன்படுத்துவது. பதிப்பை மாற்ற வாங்கியவரின் சம்மதம் வேண்டும். கீழே நீலப் பொத்தான் ஒன்று: ‘உரிமையாளருக்கு வேண்டுகோள் அனுப்பு.’

அழுத்தினேன்.

புதுசக்கா திரும்பி வந்தார். “முடிஞ்சதுக்கா” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. “சந்தா வாங்கினவருக்குத் தட்டிவிட்டிருக்கேன். அவர் சரின்னு சொன்னா போதும்.”

 அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல் நகங்கள் வெள்ளையாவதைப் பார்த்தேன்.

“என்ன அனுப்பின? எனக்குக் காட்டு.”

அனுப்பியவை பெட்டியைத் திறந்தேன். ‘இந்தக் கருவி உங்கள் ஒப்புதலைக் கோருகிறது.’ அதன் கீழே கருவியின் பெயர். நான் வைத்த பெயர். அலுவலகம், தெரு, இரண்டாம் மாடி, மேசை நான்கு.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புப் பட்டை மறைந்தது. பக்கம் திறந்துகொண்டது. ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி முளைத்தது. ஒப்புதலோடு உரிமையாளர் எழுதிய குறிப்பு.

‘தாராளமா எடுத்துக்கோ. வேலையை முடிச்சு வை. வந்துடறேன்.’

நாலு வரியில் சொல்லி முடித்தார் புதுசக்கா. சந்தா வாங்கியவர் அவர் கணவர். ஆறு வாரம் முன்பு அவரிடமிருந்து தப்பித்து வந்தது இரண்டாவது முறை. முதல் முறை ரயில் நிலையத்தின் பெஞ்சிலேயே பிடித்துவிட்டார். புதுசக்காவின் வலது கை மணிக்கட்டு ஏன் முழுசாகத் திரும்பாது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இந்த முறை சிம்மைத் தூக்கிப் போட்டிருக்கிறார், வங்கிக் கணக்கை மாற்றியிருக்கிறார். இந்தச் சந்தாவை மட்டும் விட முடியவில்லை. பத்து வருஷமாகச் சேர்த்த சொற்பட்டியல் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அதை வைத்துத்தான் இந்த வேலையே கிடைத்தது.

“மறுபடி சிக்கினா இந்தத் தடவை என்னை விடமாட்டார்” என்றார். அழவில்லை. 

“அங்கிருந்து இங்க வர எவ்வளவு நேரமாகும்?” பெரியக்கா கேட்டார்.

“கார்ல நாலு மணி நேரம்.”

பெரியக்கா காவல் நிலையத்துக்கு அடித்தார். ‘ஆள் வந்து தகராறு பண்ணினா கூப்பிடுங்க’ என்றார்களாம். “வந்த பிறகு கூப்பிட எனக்குத் தெரியாதாக்கும்” என்று ரிசீவரைப் போட்டார். அடுத்து தன் தோழிக்கு அடித்தார். தோழி வக்கீல், வேறு ஊரில் பெண்கள் விடுதி ஒன்றைக் கவனித்துக்கொள்பவர். அந்த ஊருக்குப் பகலில் ஒரே ரயில், நாலு நாற்பதுக்கு.

“சரி, அக்கா கிளம்பட்டும். நான் இதை அணைச்சுடறேன்” என்றேன்.

“அணைக்காதே!” புதுசக்கா என் கையைத் தட்டிவிட்டார். “அவர் ஒப்புதல் கொடுத்த கருவியெல்லாம் பேரோட அவர் போன்ல ஏறிடும், இயங்கறப்ப பச்சைப் புள்ளி தெரியும். வழியெல்லாம் அதைப் பார்த்துக்கிட்டேதான் வருவார். அது அணைஞ்சா நேரா ஸ்டேஷனுக்குத்தான் போவார். போன தடவையும் அப்படித்தான்.”

மூவரும் அந்தக் கணினியைப் பார்த்தோம். யாராவது ஒருவர் இங்கே உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

“நான் வச்ச வினை” என்றேன். “நானே உட்கார்றேன்.”

மற்ற மேசைகளில் இருந்த மொழிபெயர்ப்பாளர்கள் இருவரையும் பெரியக்கா வீட்டுக்கு அனுப்பினார். புதுசக்காவின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். “ரயில் நகர்ந்ததும் ஆபீஸ் போனுக்கு ஒரே ஒரு மணி விடுவேன். எடுக்காதே. அதுவரைக்கும் விரலை நிறுத்தாதே, என்ன?” பிறகு என் தலையில் லேசாகத் தட்டினார். “பயந்து தொலைக்காதடா, குச்சி.”

பயந்துதான் தொலைத்தேன். இன்சுலின் குறிப்பை நானே முடித்து அனுப்பினேன். அதன் பிறகு தட்டச்ச எதுவுமில்லை. ‘ஊசியை ஒருமுறை மட்டுமே பயன்படுத்தவும்’ என்று திரும்பத் திரும்ப அடித்தேன். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் ஒவ்வொரு முறை கேட்டபோதும் என் தோள் தூக்கிப்போட்டது. காலி மேசைகள் என்னையே பார்ப்பதுபோல இருந்தது.

நாலு பத்துக்குக் கதவு தட்டப்பட்டது. சீக்கிரம் வந்துவிட்டார்.

முரடனை எதிர்பார்த்திருந்தேன். மடிப்புக் கலையாத சட்டை, தணிந்த குரல், கையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. “தொந்தரவுக்கு மன்னிக்கணும் தம்பி. என் மனைவி இங்க வேலை பார்க்கறா. கண்ணாடியை வீட்லயே விட்டுட்டு வந்துட்டா. அது இல்லாம எழுத்து தெரியாது அவளுக்கு, பாவம்.”

புதுசக்கா இங்கே வந்து வேறு கண்ணாடி வாங்கியிருந்தார். அதை நான் பார்த்திருக்கிறேன்.

“மருந்துக்கடைக்குப் போயிருக்காங்க சார். இப்ப வந்துடுவாங்க.” என் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது.

“இதான் அவ மேசையா?”

“ஆமா சார். கொஞ்சம் பழுது. பார்த்துக்கிட்டிருக்கேன்.”

அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கதவை ஒரு பார்வை, கடிகாரத்தை ஒரு பார்வை. நாலு பதினாலு. போனை எடுத்து என் பக்கம் திருப்பினார். மேசை நான்கு, பக்கத்தில் பச்சைப் புள்ளி. “நான் கிளம்பினதிலிருந்து இது அணையவே இல்ல. தண்ணி குடிக்கக்கூட எழுந்திருக்கல. அவ அப்படி உழைக்கிறவ இல்லையே தம்பி?”

என் விரல்கள் விசைகளின் மேலேயே நின்றுவிட்டன. அப்போதுதான் அவர் போனின் உச்சியில் அந்த மஞ்சள் பட்டையைப் பார்த்தேன். ‘புதிய பதிப்பு தயார்.’

“சார், உங்க போன்லயும் அப்டேட் பண்ணாம விட்டிருக்கீங்களே. அதான் புள்ளி அப்படியே நிக்குது. காட்டறதெல்லாம் பழசு. கொடுங்க, ரெண்டு நிமிஷம்.”

அவர் என் முகத்தை நிதானமாகப் படித்தார். பிறகு போனைக் கொடுத்தார்.

அது அவர் கைச்சூட்டோடு இருந்தது. சந்தா மென்பொருளை மட்டும் புதுப்பித்தால் இரண்டு நிமிஷம். நான் அதைத் தொடவில்லை. அமைப்புகள் பக்கத்துக்குள் போய், மாதக்கணக்காகத் தேங்கியிருந்த மொத்தப் போனின் புதுப்பிப்பையும் தட்டிவிட்டேன். திரை கறுத்தது. நடுவில் ஒரு சதவீதம் என்று வந்தது.

“இது என்ன?”

“முழுசா ஏறுது சார். நடுவுல கை வச்சா போன் அப்புறம் உயிரோட வராது.”

மூன்று சதவீதம். பதினொன்று. அவர் எழுந்து உள்ளறையை எட்டிப் பார்த்தார். கழிவறைக் கதவைத் தள்ளிப் பார்த்தார். புதுசக்காவின் இழுப்பறையைத் திறந்து, அங்கிருந்த தலைமுடிக் கிளிப் ஒன்றை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். முப்பத்தெட்டு.  அறுபதில் அது நின்றுவிட்டது. நானும் மூச்சை நிறுத்திவிட்டேன்.

“எந்த மருந்துக்கடை?”

“முக்குல சார்.”

“வர்ற வழியில பார்த்தேனே. பூட்டியிருந்தது.”

அப்போது அலுவலகத் தொலைபேசி மணியடித்தது. ஒரே ஒரு முறை.

“எடுக்கலையா?”

“நின்னுடுச்சு சார்.”

நாலு நாற்பத்தொன்று. உள்ளே ஏதோ ஒன்று அவிழ்ந்து விழுந்தது. போய்விட்டார். புதுசக்கா போய்விட்டார். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் எதிரே இருந்தவர் தொலைபேசியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

“எத்தனை மணி ரயில்?” தணிந்த அதே குரல்.

 போன் நூறைத் தொட்டு, அணைந்து, ஒளிர்ந்து எழுந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டார். கண்ணாடிப் பெட்டியை என் முன்னால் வைத்து, மேசை ஓரத்துக்கு நேராக நகர்த்தினார்.

“நல்ல வேலைக்காரர் நீங்க. உங்க கிட்ட மறுபடி வரேன் தம்பி.”

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். அவர் செருப்பு படியில் இறங்குவதைக் கேட்டேன். தெருவரைக்கும் முப்பத்திரண்டு படிகள். பதினாறாவதில் சத்தம் நின்றது.

நான் ஒரு கையால் காவல் நிலையத்தின் எண்ணை அழுத்தினேன். மறு கை எனக்குத் தெரியாமலேயே தட்டிக்கொண்டிருந்தது. ஊசியை ஒருமுறை மட்டுமே பயன்படுத்தவும். ஊசியை ஒருமுறை மட்டுமே. மறுமுனையில் மணி போய்க்கொண்டிருந்தது. படிக்கட்டில் இன்னும் எந்தச் சத்தமும் இல்லை.