சீனிச்சாமியைக் கூப்பிட்ட ஒப்பாரி

ஒப்பாரியில் செத்தவர் பெயரைச் சொன்னால் அவர் எழுந்து வந்துவிடுவார். அதனால்தான் பாடுகிறவர்கள் ராசா என்பார்கள், துரையே என்பார்கள். பெயரை மட்டும் சொல்லமாட்டார்கள். எங்கள் ராக் பேண்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. ஆனாலும் கேசட்டில் கிடைத்த ஒரு பழைய ஒப்பாரியை ப்ளூஸ் பாட்டாக மாற்றும்போது, மூன்றாவது வரியில் தாளம் இடிக்கிறதே என்று, அதன் அட்டையில் எழுதியிருந்த, செத்தவர் சீனிச்சாமியின் பெயரைத் தூக்கி உள்ளே போட்டேன். புத்தி கெட்ட வேலை.

மதுரையில் முதல் கச்சேரி முடிந்து கிதாரோடு வேனுக்கு வந்தால், சீனிச்சாமி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அருப்புக்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். செத்து முப்பத்தொரு வருஷம். வேனில் இடம் பற்றாமல் எங்கள் டிரம்மர் கார்வண்ணன் அன்றிலிருந்து பஸ்ஸில் வந்தான். ஊருக்கு ஊர் இறங்கியதும் முதல் வேலையாக என்னைத் திட்டினான்.

அதோடு விட்டாரா மனுஷன்? திருச்சியில் பாட்டைத் திருத்த ஆரம்பித்தார்.

"எனக்கேது தம்பி யானை? அந்த வரிய எடுத்துடுங்க."

எடுத்தோம். அவரைப் பற்றிய பாட்டு, என்ன செய்ய? தஞ்சாவூரில் பொன் பல்லக்கு போயிற்று. கடலூரில் எலுமிச்சைத் தோப்பும் ஏழு கிணறும் போயின. எனக்கு வயிறு எரிந்தது. ஆறு வருஷமாக எங்கள் கச்சேரியில் ஜனம் பாதியில் எழுந்து போய்க்கொண்டிருந்தது. கடைசிவரை உட்கார்ந்து கேட்டது இந்த ஒரு பாட்டைத்தான். சென்னையில் இதுவும் சொதப்பினால் பேண்டைக் கலைத்துவிடுவது என்று பேசி வைத்திருந்தோம்.

சென்னைக்குள் நுழையும்போது 'என் ராசா' மட்டும்தான் மிச்சம்.

"அதுவும் பொய்தான் தம்பி. என் சம்சாரம் ஒரு நாளும் என்னைய ராசான்னதில்ல."

"பிறகு என்னதான் சொல்லிக் கூப்பிடுவாங்க அண்ணாச்சி? அதையாவது சொல்லித் தொலைங்களேன்!" கத்தியே விட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "'இந்தாங்க'ன்னுதான். செத்த அன்னிக்கு அவளும் ராசா ராசான்னு அழுதா. யாரையோ நெனச்சு அழுறான்னு படுத்துக் கிடந்தேன். என்னைய யாருமே கூப்பிடல."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபம் போகவில்லை.

அன்று மேடையில் எங்கள் பாடகி ரெஜினா 'இந்தாங்க' என்ற ஒரே சொல்லைப் பதினான்கு நிமிஷம் பாடினாள். சாப்பிடக் கூப்பிடுவதுபோல் தொடங்கி, பிறகு குரலை இறக்கி, பிறகு தொண்டை கிழிய. நான் ஒற்றைக் கம்பியில் வாசித்தேன். ஒருவரும் எழுந்து போகவில்லை. பதினோராவது நிமிஷத்தில் முன்வரிசையிலிருந்து சீனிச்சாமி எழுந்தார்.

"வர்றேன், வர்றேன். அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று அலுத்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனார். செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை, கச்சேரி கேட்ட பெண்கள் வேனைச் சுற்றி வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு. வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று எழுதியிருந்தது. முதல் ஆளாக நின்ற அம்மாவின் பக்கத்தில் அவர் வீட்டுக்காரர் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றார், உயிரோடுதான்.

"கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக் கூப்பிடுறேன் தம்பி. இவரு இன்னும் வரல" என்றார் அந்த அம்மா.

வீட்டுக்காரரும் ஆமாம் என்று தலையாட்டினார். நான் சீட்டை வாங்கிக்கொண்டு, எந்தச் சுருதியில் பாட வேண்டும் என்று கேட்டேன்.